இரண்டு மா காடு

எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் சாயங்காலம் பதினேழு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை. பாதிப் பேர் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், என்னை டீச்சர் என்பார்கள். மீதிப் பேர் மஞ்சள் வேனில் ஏறி வெளியூர் போகிறவர்கள், அவர்களுக்கு நான் மிஸ். திங்களிலிருந்து வெள்ளி வரை வாய்ப்பாடு, டிக்டேஷன், வீட்டுப்பாடம். சனிக்கிழமை மட்டும் நோட்டு கிடையாது. மூன்றே முக்காலுக்குக் கிளம்பி வெட்டாற்றங்கரைப் படுகைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புவோம். 2022 செப்டம்பரில் தொடங்கியது. இது நான்காவது வருடம்.

புதிதாகச் சேர்ந்த பையனின் அம்மா போன வாரம் வாசலில் நின்று கேட்டார். "காட்டுல வச்சு சொல்லிக் கொடுக்குறீங்கன்னு சொல்றாங்களே டீச்சர், நம்ம ஊர்ல காடு ஏது?" நியாயமான கேள்வி. நின்ற நிலையில் அவருக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருக்கருகாவூர்ப் பக்கம். கர்ப்பரட்சாம்பிகையைக் கும்பிட எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தக் கோயில் பஞ்ச ஆரண்யத் தலங்களில் முதலாவது. கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்புதூர் வில்வவனம். விடியற்காலையில் கருகாவூரில் தொடங்கி, காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை என்று ஒவ்வொரு கோயிலாகப் போய், அர்த்தசாமத்தில் கொள்ளம்புதூரில் முடிப்பது முறை. ஒரே நாளில் ஐந்து காடு.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை டெம்போ வேனில் ஏற்றி அந்த ஐந்துக்கும் கூட்டிப் போனேன். முந்தின வாரமே கதை சொல்லி வைத்திருந்தேன். காட்டைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் ஏறினார்கள். ஒவ்வொரு கோயிலிலும் தலவிருட்சத்தைத் தேடிப் பார்த்தோம். ஒரு கொடி, ஒரு மரம், ஒரு செடி. ஆலங்குடிக்குப் போகிற வழியில் சாலையோரம் வெள்ளை வெள்ளையாகச் சிறுபூளை நின்றிருந்தது. "இதுதான் அந்த வனத்தோட மிச்சம்" என்று வேனை நிறுத்திக் காட்டினேன். திரும்பி வரும்போது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பெண் மட்டும் விழித்திருந்து சொன்னாள்: "அஞ்சு காட்டுக்கும் பேர் இருக்கு மிஸ். காடுதான் இல்ல."

டெல்டா முழுக்க இதே நிலைதான். வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. திருவெண்காடு இருக்கிறது, தலைச்சங்காடு இருக்கிறது, சாயாவனம் இருக்கிறது. காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள் நம் முன்னோர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்தச் சோற்றைத்தான் நானும் தின்று வளர்ந்தேன். ஆனால் கழனி ஆகாமல் தப்பித்த துண்டுகள் சில இன்னும் இருக்கின்றன. அய்யனார் கோயில் தோப்பு, நந்தவனம், வாய்க்கால் கரை, அப்புறம் ஆற்றுப் படுகை. படுகை என்பது ஆற்றுக்கும் உயர்ந்த கரைக்கும் நடுவில் வெள்ளம் ஏறி இறங்குகிற வண்டல் நிலம். நெல்லுக்கு ஆகாது. மூங்கிலும் வாழையும் வைப்பார்கள், இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடுவார்கள். சும்மா விட்ட இடம்தான் எங்களுக்குக் கிடைத்த காடு.

அது என் பெரியப்பாவுடைய இடம். இரண்டு மா. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால் அறுபத்தாறு சென்ட், ஒரு ஏக்கர்கூட இல்லை. அதில் நான்கு மூங்கில் கொத்து, இரண்டு நாவல், ஏழெட்டுப் புங்கன், ஒரு பெரிய இலுப்பை. ஓரமெல்லாம் நொச்சியும் ஆடாதொடையும். நடுவில் கஜா புயலில் சாய்ந்த பூவரசு ஒன்று. 2018 நவம்பர் 16 விடியற்காலை விழுந்தது. பாதி வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டதால் படுத்த நிலையிலேயே துளிர்த்து, இன்றைக்கு அதன் முதுகிலிருந்து நேராக மேலே ஆறு கிளை போகிறது. விறகுக்குக் கேட்டு வந்தவர்களிடம் பெரியப்பா கொடுக்கவில்லை. "அதுக்கு இன்னும் உசுரு இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. சனிக்கிழமைகளில் எங்களோடு வந்து ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்குப் பாதி விஷயம் அவரிடமிருந்துதான் கிடைக்கிறது.

ஒரு கரண்ட் கட்டில்தான் ஆரம்பம். வெக்கை தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்று வாங்கப் படுகைக்குப் போனேன். ஒரு மணி நேரம் யாரும் சண்டை போடவில்லை, யாரும் பாத்ரூம் போகணும் என்று கேட்கவில்லை. அடுத்த வாரமும் போனோம். அதற்கடுத்த வாரம் பிள்ளைகள் கேட்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். சரி, இனி சனிக்கிழமை இதற்கே என்று விட்டுவிட்டேன்.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள். வீடியோ காலில் இதைக் கேட்டுவிட்டு, "அத்தை, நீங்க செய்யறதுக்கு இங்க பேரே இருக்கு, ஃபாரஸ்ட் ஸ்கூல்" என்றாள். பிறகு அவள் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துப் புரிந்துகொண்டது இது. டென்மார்க்கில் 1950களிலிருந்தே சின்னப் பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குக் கூட்டிப் போய் அங்கேயே விளையாடவிடும் பள்ளிகள் உண்டு. 1993-ல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து, பாலர் பள்ளி ஆசிரியப் பயிற்சியில் இருந்தவர்கள் டென்மார்க் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் ஊரில் தொடங்கினார்கள். அங்கிருந்து அந்த நாடு முழுக்கப் பரவியது. 2012-ல் அதற்கென்று ஒரு சங்கமே அமைந்தது. நடத்துகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. பிள்ளைகள் மரம் ஏறுகிறார்கள், முடிச்சுப் போடுகிறார்கள், கத்தியால் குச்சி சீவுகிறார்கள், தீ மூட்டுகிறார்கள். மழை பெய்தாலும் மழைக்கால்சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள்.

இதையெல்லாம்விட அவள் சொன்ன ஒரு விஷயம்தான் என் மனத்தில் நின்றது. ஒரே காட்டுக்கு, வாராவாரம், எல்லாப் பருவத்திலும் போவார்களாம். ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தால் அதற்கு அந்தப் பெயர் கிடையாதாம்.

இது எவ்வளவு உண்மை என்பது எனக்குக் கோடியக்கரையில் தெரிந்தது. ஒரு தை மாதம் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். 1967-லிருந்து சரணாலயம், 2002-லிருந்து ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். டெல்டாவில் காடு என்று நிமிர்ந்து சொல்லக்கூடிய இடம் அதுதான். பாலை மரங்களும் புதர்களுமாகப் பச்சை மாறாத உலர்காடு. வெளிமான் கூட்டம் பார்த்தோம், காட்டுக்குதிரை பார்த்தோம், உப்பளம் பக்கம் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி பூநாரைகள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நானும்தான். கட்டாயம் எல்லோரும் போகவேண்டிய இடம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "எப்ப மிஸ் போவோம்? இங்க என் திண்ணை இல்ல" என்றாள்.

திண்ணை என்பது எங்கள் படுகை வழக்கு. போனதும் முதல் இருபது நிமிடம் ஆட்டம். அப்புறம் ஆளுக்கு ஒரு இடத்தில் போய்த் தனியாக உட்காரவேண்டும், பேசாமல், பத்து நிமிடம். இது இங்கிலாந்திலும் உண்டு என்று அண்ணன் மகள் சொல்லித்தான் செய்து பார்த்தேன். முதல் மாதம் பத்து நிமிடம் என்பது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். யாராவது சிரிப்பார்கள், யாரையாவது எறும்பு கடிக்கும். மூன்றாம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. அந்த இடத்துக்குத் திண்ணை என்று பேர் வைத்தது பிள்ளைகள்தான். எந்தத் திண்ணை யாருடையது என்று ஒருவருக்கொருவர் தெரியும். ஒருவர் வராத அன்று அங்கே இன்னொருவர் உட்காரமாட்டார்.

கோடியக்கரையில் தன் திண்ணையைத் தேடிய பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வீட்டில் ஒரு இடத்தில் இருக்கமாட்டாள். எழுதும்போது காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள், பென்சிலைக் கடிப்பாள், தண்ணீர் குடிக்க நாலு முறை எழுந்து போவாள். படுகையில் அவள் திண்ணை இரண்டாவது மூங்கில் கொத்துக்கு எதிரில், ஒரு புங்கமர வேரில். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை வந்து சொன்னாள். "டவுன் பஸ் ஹார்ன் அடிச்சதும் செம்போத்து வருது மிஸ்."

செம்போத்து பறப்பதைவிட நடப்பதை விரும்பும் பறவை. காக்கை அளவு, கறுப்பு உடம்பு, செங்கல் நிற இறக்கை, சிவந்த கண். மூங்கில் கொத்தின் அடியிலிருந்து வெளியே வந்து, சருகைக் கிளறிக்கொண்டே, இலுப்பை வேர் வரை நடந்து, அதே வழியாகத் திரும்பி உள்ளே போகும். ஐந்து மணி டவுன் பஸ் மதகுப் பாலம் ஏறும்போது ஹார்ன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பறவை கிளம்புகிறது என்பது அவள் கணக்கு. நானும் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். ஹார்ன், அப்புறம் செம்போத்து. பஸ்ஸில் வருகிற யாரையோ அது எதிர்பார்க்கிறது என்று சின்னப் பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். நான் திருத்தவில்லை. எனக்கும் அப்போது காரணம் தெரியாது.

ஆவணி, புரட்டாசி வரை கிட்டத்தட்ட அதே நேரம். பிறகு மழை, வெள்ளம், சில வாரம் நாங்கள் உள்ளே இறங்கவில்லை. மார்கழியில் மறுபடி போனபோது அவள் போய் உட்கார்ந்ததுமே செம்போத்து வந்துவிட்டது. பஸ் வர இன்னும் அரை மணி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. தன் கண்டுபிடிப்பு பொய்யாகிப்போனதே என்று அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் பத்து நிமிடம் முடிந்தும் எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். இலுப்பை மரத்து நிழல் மூங்கில் அடிக்கு வந்து சேர்கிற இடத்தில் ஒரு கோடு. "நிழல் இங்க வந்ததும் வருது மிஸ். வெயில்ல வரமாட்டேங்குது. ஆடி மாசம் நிழல் லேட்டா வந்துச்சு, அப்ப பஸ்ஸும் வந்துச்சு. இப்ப நிழல் சீக்கிரம் வந்துருது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆடியில் எங்கள் ஊரில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் மறையும், மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே போய்விடும். பூமி சாய்ந்து சுற்றுவதால் பகல் கூடிக் குறைகிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் உருண்டை வரைந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான்காம் வகுப்புப் பெண் ஒரு பறவையின் நடையை வைத்து அதைத் தொட்டுவிட்டாள். ஆறு மாதம் ஒரே வேரில் உட்கார்ந்ததால் கிடைத்தது இது. பஸ் ஏறி எங்கே போய்ப் பார்த்திருந்தாலும் கிடைத்திருக்காது.

தண்ணீர்க் கணக்கு இன்னொன்று. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை திறக்கும், அப்புறம் ஒவ்வொரு ஆறாக நனைந்து எங்கள் பக்கம் தண்ணீர் வரும். வருகிற அன்று ஊரே பாலத்தில் நிற்கும். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாகச் செந்நிறத்தில் வருவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்குத் திருவிழா. மழைக்காலத்துக்கு முன்பு, ஆறு இறங்கியிருந்த ஒரு நாளில், பெரியப்பா ஆற்றோரம் ஒரு மூங்கிலை நட்டு, பிள்ளைகளை வைத்துச் சாண் சாணாகச் சுண்ணாம்புக் கோடு போடவைத்தார். பதினோரு கோடு. ஐப்பசி, கார்த்திகையில் படுகைக்கு இறங்காமல் கரைமேல் நின்று எத்தனை கோடு தெரிகிறது என்று எண்ணினோம். எட்டு, ஆறு, ஒரு வாரம் மூன்று. பெரிய மழைக்கு அடுத்த சனிக்கிழமை மூங்கிலே இல்லை. "மிஸ், சைபர்னு எழுதவா?" என்று ஒருவன் கேட்டான். கோடு தெரியாததும் கம்பே போய்விட்டதும் ஒன்றா என்று அங்கேயே அரை மணி வாதம் நடந்தது. நோட்டில் கடைசியில் "கம்பு போச்சு" என்றுதான் எழுதியிருக்கிறது.

இப்போது ஒரு பெண்ணின் கை முறிந்ததைச் சொல்கிறேன். இது வேறு பெண், இரண்டாம் வகுப்பு. 2023 புரட்டாசிக் கடைசி. முதல் மழை நாலு நாள் அடித்து ஓய்ந்திருந்தது. சாய்ந்த பூவரசின் முதுகில் நடப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த ஆட்டம். உயரம் என் இடுப்புக்குச் சற்று மேலே. கோடை முழுக்க அதில் நடந்தவர்கள்தான். மழை நின்ற நாலு நாளில் பட்டைமேல் பாசி பிடித்து வழுக்குப்பாறை மாதிரி ஆகியிருந்தது. நான் பார்க்கவில்லை. போன வாரம் பார்த்த மரம்தானே என்று இருந்துவிட்டேன். அவள் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டுக்கு மேல் எலும்பு விரிசல். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியெல்லாம் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அவள் அம்மா என்னைத் திட்டினார். அவர் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மூன்று வாரம் படுகைக்குப் போகவில்லை. நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாலாவது வாரம் அந்த அம்மாவே மாவுக்கட்டோடு பிள்ளையைக் கூட்டிவந்து, "தினம் அழுவுறா. கூட்டிட்டுப் போங்க. மரத்துல மட்டும் ஏத்தாதீங்க" என்றார். அன்றைக்கு அவள் பூவரசுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஏறப்போன ஒவ்வொருவரையும் நிறுத்தி, முதலில் உள்ளங்கையால் பட்டையைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னாள். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் யாரும் மரத்தைத் தேய்த்துப் பார்க்காமல் கால் வைப்பதில்லை.

அதிலிருந்து நான் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தனியாகப் போய் இடம் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். கையில் கம்போடு, தட்டிக்கொண்டே. பாசி இருக்கிறதா, காய்ந்த கிளை தொங்குகிறதா, பனைமரத்தில் கதண்டுக் கூடு புதிதாக வந்திருக்கிறதா. கதண்டு இருந்தால் அந்தப் பக்கமே கிடையாது, அது கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. பெற்றோர் கேட்பதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில் மூங்கில் கொத்தைத் தாண்டி யாரும் போகக்கூடாது. பாம்பைவிட எனக்குப் பயம் தண்ணீர்தான், அதிலும் மணல் அள்ளிய பள்ளங்கள். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரி இருக்கும், அடுத்த அடியில் ஆளை முழுங்கும். சருகுக் குவியலிலும் பொந்திலும் கை விடக்கூடாது. செருப்பு இல்லாமல் வரக்கூடாது. எந்தக் காயையும் விதையையும் பெரியப்பாவிடம் காட்டாமல் வாயில் வைக்கக்கூடாது. குண்டுமணி பார்க்க அழகு, மென்றால் விஷம். அரளிக்காயும் அப்படியே. செந்தட்டி பட்டால் அரிப்பு உயிர் போகும், அதை ஆளுக்கு ஒருமுறை தூரத்தில் நிறுத்திக் காட்டிவிட்டேன்.

பாம்பு இருக்கிறது. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் அடிக்கடி, நல்லபாம்பு இரண்டு முறை. கண்டால் நின்று, பின்னால் நகர்ந்து, பெரியவர்களைக் கூப்பிடவேண்டும். கடித்துவிட்டால் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிறு போட்டு இறுக்கக்கூடாது. வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, அந்தக் கையையோ காலையோ ஆடாமல் வைத்து, நேரே அரசு ஆஸ்பத்திரி. 108. பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். பெரியவர்கள் தெரிந்துகொண்டாலும் நல்லது.

கத்தியும் தீயும் இல்லாமல் இல்லை. நான்காம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்குப் பெரியப்பா மூங்கில் சீவக் கற்றுக்கொடுக்கிறார். உட்கார்ந்துதான் சீவவேண்டும், கத்தி உடம்பைவிட்டு வெளியே போகவேண்டும், இரண்டு கை நீளத்துக்குள் ஆள் இருக்கக்கூடாது. வாழைநாரில் சுருக்கு முடிச்சும் உருவாஞ்சுருக்கும் போடுகிறார்கள். கீற்று முடையத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் முடைந்த கீற்றில்தான் எங்கள் மழைக்குடில் நிற்கிறது. மாதம் ஒருமுறை மூன்று கல் வைத்துச் சுள்ளி அடுக்கித் தீ மூட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுடுவோம். நொச்சித் தழையைக் கொஞ்சம் போட்டால் அந்தப் புகைக்குக் கொசு ஓடிவிடும். ஈரச் சுள்ளி எது, காய்ந்தது எது என்று ஒடிக்கும் சத்தத்திலேயே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடுகிறது.

மார்க்கு ஏறியதா என்று கேட்பவர்கள் உண்டு. சிலருக்கு ஏறியது, சிலருக்கு ஏறவில்லை, அதற்கும் படுகைக்கும் முடிச்சுப் போட எனக்கு மனமில்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். போன மாசியில் ஒன்றாம் வகுப்புப் பையன் புங்கமரத்தடியிலிருந்து கொழுந்து, தளிர், முற்றின இலை, பழுப்பு, சருகு என்று ஐந்தை எடுத்துவந்து மண்ணில் வரிசையாக வைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு இலையில் மட்டும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதைத் தனியே வைத்து, "இது யாரு சாப்புட்டது?" என்றான். அந்த ஐந்துக்கும் ஐந்து தனிப் பேர் தமிழில் இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னேன். மறுவாரம் அவன் தன் பாட்டியிடம் கேட்டு ஆறாவதாகச் செத்தை என்று ஒரு சொல் கொண்டுவந்தான்.

பங்குனியில் இலுப்பை பூக்கும். இரவில் பழந்தின்னி வௌவால் வந்து பூவைத் தின்னும், மீதி விடியற்காலையில் உதிரும். அந்த ஒரு வாரம் மட்டும் சாயங்காலத்துக்குப் பதில் காலை ஐந்தரைக்குப் போவோம். மரத்தடி முழுக்க வெளிர்மஞ்சளாகக் குண்டுகுண்டாகப் பூ கிடக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அதைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், ருசித்தவர் யாரும் இல்லை. உதிர்ந்ததில் சுத்தமாக இருந்ததைக் கழுவிக் கொடுத்தேன். முதல் கடியில் இனிப்பு, கூடவே கனமான ஒரு வாசனை. பாதிப் பேர் துப்பினார்கள். பாதிப் பேர் இன்னொன்று கேட்டார்கள். கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய்தான் ஊற்றினார்கள் என்றும், அதற்காகவே தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள் என்றும் பெரியப்பா சொன்னார். அந்தப் பழமொழியைக் கிடைக்காததற்குப் பதில் கிடைத்தது என்ற பொருளில்தான் சொல்கிறோம். மரத்தடியில் நின்று சாப்பிட்ட எனக்கு அது எதற்கும் பதிலாகத் தெரியவில்லை. எங்கள் இரண்டு மாவும் எனக்கு அப்படித்தான்.

இந்த மாதம் மூங்கில் வெட்டு. மூன்று வருடம் முற்றிய கழிகளை மழைக்கு முன்பே எடுத்துவிட்டால்தான் புதுக் குருத்துக்கு இடம் கிடைக்கும், பெரியப்பாவுக்கும் அதுதான் வருமானம். நாலு கொத்திலும் வெட்டுவதாக ஆள் பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். விஷயம் தெரிந்ததும் செம்போத்துப் பெண் போன சனிக்கிழமை அவர் சாக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். "தாத்தா, ரெண்டாவது கொத்த மட்டும் விட்டுருங்க. அது அதோட வீடு."

"வெட்டாம விட்டா கழி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுக் கொத்தே வீணாப் போயிரும்டி."

"அப்ப ஓரமா மட்டும் வெட்டுங்க. அது வர்ற பக்கம் வேணாம்."

எந்தப் பக்கம் என்று காட்டச் சொன்னார். அவள் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினாள். இலுப்பையைப் பார்த்த பக்கம், ஒரு ஆள் அகலம். பெரியப்பா வாழைநார் கேட்டார். வெட்டக்கூடாத கழிகளில் ஒவ்வொன்றாக அவளையே முடிச்சுப் போடச் சொன்னார். பதினான்கு கழி.

வெட்டுகிற ஆட்கள் புதன்கிழமை வருகிறார்கள். அன்றைக்கு வேலைநாள், அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அதனால் நான் போய் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.